ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் – களம் மாறியும் மாறாத கதை

ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் என்பது 1995 ஜனவரி 16 முதல் 2001 மே 23 வரை அமெரிக்காவின் யுபிஎன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர். ரிக் பெர்மன், மைக்கேல் பில்லர், ஜெரி டெய்லர் ஆகிய மூவரும் இதை உருவாக்கினர். ஏழு பருவங்களில் 172 பகுதிகள் வெளிவந்தன. 1966இல் ஜீன் ராடன்பெரி தொடங்கிய ஸ்டார் ட்ரெக் வரிசையில் பெண் ஒருவர் விண்கலத் தலைவராக முதன்மைப் பாத்திரம் ஏற்ற முதல் தொடர் இதுவே. கேத்ரின் ஜேன்வே என்ற அந்தத் தலைவராகக் கேட் மல்க்ரூ நடித்தார்.

வாயேஜருக்கு நேர் முன்னோடி 1987 முதல் 1994 வரை வெளிவந்த ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன். அது 178 பகுதிகளோடு நிறைவுற்று எட்டு மாதங்கள் ஆவதற்குள் வாயேஜர் தொடங்கிவிட்டது. எழுதியவர்களில் பலரும் இரண்டுக்கும் பொதுவானவர்கள். ஒரு வெற்றித் தொடரிலிருந்து கிளைத்து வரும் தொடர் தனக்கென ஒரு முகத்தைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு வாயேஜர் நல்ல எடுத்துக்காட்டு. புதிய கதைக்களம் கையில் இருந்தும் அது பழைய தொடரைப் போலவே நடந்துகொண்டது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதைக்களம் தந்த வாக்குறுதி

முதல் பகுதியான 'கேர்டேக்கர்' இரண்டு மணி நேரப் படமாக வந்தது. மாக்கீ என்ற கிளர்ச்சிக் குழுவின் கலம் ஒன்றைத் தேடி வாயேஜர் புறப்படுகிறது. மாக்கீ குழுவினர் தாங்கள் குடியேறிய கோள்களை ஓர் ஒப்பந்தத்தின் மூலம் கார்டாசியர் என்ற இனத்தாரிடம் ஒப்படைத்ததை ஏற்காமல் ஆயுதம் எடுத்தவர்கள். கூட்டமைப்பின் சட்டப்படி அவர்கள் குற்றவாளிகள். தேடிப் போன கலம், தேடப்பட்ட கலம் இரண்டையும் ஓர் அந்நிய சக்தி பால்வெளி மண்டலத்தின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டுவிடுகிறது. பூமிக்கு 70,000 ஒளியாண்டு தூரம். முழு வேகத்தில் ஓடினாலும் வீடு திரும்ப 75 ஆண்டுகள் ஆகும்.

இழுத்துப் போட்ட அந்த இயந்திரத்தைக் கொண்டே திரும்பியும் விடலாம். ஆனால் அது பகைவர் கையில் சிக்கினால் ஒகாம்பா என்ற எளிய இனம் அழிந்துவிடும் என்று ஜேன்வே அதைத் தகர்த்துவிடுகிறார். தம் குழுவினரின் வீட்டுக்கான வழியைத் தம் கையாலேயே அடைத்துவிட்டு, அவர்களை வீடு சேர்ப்பேன் என்று உறுதியும் சொல்கிறார்.

இதில் எத்தனை கதைகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். முதல் நாளிலேயே துணைத்தலைவர், தலைமைப் பொறியாளர், மருத்துவர் எல்லாரும் இறந்துவிட்டனர். மாக்கீ கலமும் அழிந்துவிட்டதால் போலீசும் கைதியும் ஒரே கப்பலில் ஏறத்தாழ 150 பேராக வாழ்ந்தாக வேண்டும். உதவிக்கு வரத் தலைமையகம் இல்லை. உடைந்த பொருளை மாற்றத் துறைமுகம் இல்லை. தலைவர் எடுத்த முடிவால்தான் இந்த நிலை என்ற கசப்பும் சிலருக்கு இருக்கத்தான் செய்யும். நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடருக்கு வாய்க்காத களம் இது.

முன்னோடித் தொடரின் இலக்கணம்

நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் ஒவ்வொரு வாரமும் பெரும்பாலும் ஒரு தனிக்கதை. எண்டர்பிரைஸ் கலம் ஒரு கோளுக்குப் போகும், ஒரு சிக்கல் எழும், அறிவாலும் நெறியாலும் அது தீரும், கலம் கிளம்பிவிடும். அடுத்த வாரம் எல்லாரும் பழையபடி அவரவர் இருக்கையில் இருப்பார்கள்.

அந்தத் தொடருக்கு இந்த முறை பொருந்தியது. எண்டர்பிரைஸ் கூட்டமைப்பின் முதன்மைக் கலம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குடும்பத்தோடு வசிக்கும் ஊர் போன்றது. அடிபட்டால் அடுத்த நிலையத்தில் பழுது பார்த்துக்கொள்ளும். ஆள் இறந்தால் புதிய அதிகாரி வந்து சேருவார். ஆகவே, போன வாரச் சேதம் இந்த வாரம் தெரியவில்லை என்றால் பார்ப்பவர் கேள்வி கேட்க மாட்டார்.

நான் கணக்கு ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு மாணவன் அண்ணனின் பழைய நோட்டைப் பார்த்து வீட்டுக்கணக்கு எழுதி வந்தான். படிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கையெழுத்தும் அழகு. ஆனால் அந்த ஆண்டுப் புத்தகத்தில் கணக்கின் எண்களை மாற்றியிருந்தார்கள். அவன் எழுதியதோ அண்ணனின் விடை. வாயேஜரின் முதல் இரண்டு பருவங்களைப் பார்த்தபோது அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. எழுதியவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் எழுதிய விடை வேறொரு கணக்குக்கு உரியது.

கணக்கில் வராத சேதம்

முதல் பருவத்தில் 'தி கிளவுட்' என்ற பகுதியில் ஓர் உரையாடல் வருகிறது. கலத்தில் 38 ஃபோட்டான் டார்பிடோக்கள்தாம் உள்ளன. தீர்ந்தால் மாற்று இல்லை என்று சொல்லப்படுகிறது. இது அருமையான விதை. ஒவ்வொரு போரிலும் ஏவலாமா, சேமிக்கலாமா என்று தலைவர் தயங்க வேண்டும். முப்பத்தெட்டு இருபதாகி, இருபது ஐந்தாகும்போது கதை தானாகவே இறுகும். ஆனால் தொடர் அந்த எண்ணை மறந்துவிட்டது. ஏழு பருவங்களில் ஏவியவற்றை ரசிகர்கள் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிக்கை 38ஐத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. புதிதாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்றால் அதையே ஒரு கதையாகச் சொல்லியிருக்கலாம். சிறுகலங்களின் நிலையும் இதுதான். நொறுங்கியும் வெடித்தும் போன சிறுகலங்கள் பல. ஆனாலும் கொட்டகையில் எப்போதும் ஒன்று தயாராக நிற்கும்.

ஹோலோடெக் இன்னொரு சான்று. நினைத்த இடத்தையும் மனிதரையும் கண்முன் உருவாக்கிக் காட்டும் அந்த அறை, நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் செல்லப்பிள்ளை. வாயேஜரில் ஆற்றல் பற்றாக்குறை என்கிறார்கள். உணவு உண்டாக்கும் கருவிக்குப் பங்கீடு வைக்கிறார்கள். நீலிக்ஸ் என்ற பாத்திரம் தலைவரின் தனி உணவறையையே அடுக்களையாக மாற்றிச் சமைக்கிறது. அப்படியானால் ஹோலோடெக் மட்டும் எப்படி ஓடுகிறது? அதன் ஆற்றல் மற்ற இயந்திரங்களுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிட்டார்கள். முன்னோடியின் வசதி ஒன்றைக் கைவிட மனமின்றித் தம் கதைக்களத்தையே அவர்கள் தளர்த்திக்கொண்ட இடம் இது.

பொருள்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல இது. 1996இல் வந்த 'டெட்லாக்' பகுதியில் வாயேஜர் இரண்டு பிரதிகளாகப் பிரிகிறது. ஒரு கலத்தின் ஹாரி கிம் இறந்துவிடுகிறார். மற்றக் கலம் அழியும் முன் அதிலிருந்த ஹாரி கிம் இந்தக் கலத்துக்கு வந்துவிடுகிறார். அதாவது, அதன்பின் நாம் பார்ப்பவர் முதலில் பார்த்தவர் அல்லர். தன் நண்பர்களின் பிரதிகளுக்கு நடுவே வாழும் ஒருவரின் மனநிலை எப்படி இருக்கும்? தொடர் அதை எடுத்துப் பேசவே இல்லை. அதே கிம் ஏழு ஆண்டுகளும் பதவி உயர்வு இல்லாமல் என்சைன் என்ற கடைநிலை அதிகாரியாகவே இருந்தார். அனுபவம் யாரையும் மாற்றாத ஒரு கப்பலுக்கு அவரையே அடையாளமாகச் சொல்லலாம்.

கைவிடப்பட்ட முரண்

மாக்கீ குழுவை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தவில்லை. 1994லேயே நெக்ஸ்ட் ஜெனரேஷன், டீப் ஸ்பேஸ் நைன் ஆகிய இரண்டு தொடர்களிலும் வாயேஜருக்காக அடித்தளம் போட்டார்கள். இவ்வளவு முன்னேற்பாடு செய்து கொண்டுவந்த முரணை முதல் பகுதியின் முடிவிலேயே பாதி கரைத்துவிட்டார்கள். மாக்கீ தலைவர் சக்கோட்டே துணைத்தலைவராகிறார். அவருடைய ஆட்கள் தாம் எதிர்த்து நின்ற படையின் சீருடையையே அணிந்துகொள்கிறார்கள். அடுத்த கதையில் மாக்கீ பொறியாளரான பெலானா டோரஸ் சக அதிகாரியின் மூக்கை உடைக்கிறார். பகுதி முடிவதற்குள் தலைமைப் பொறியாளராகவும் ஆகிவிடுகிறார்.

இறுதிவரை அடங்காத மாக்கீ என்று சொல்லத்தக்கவர் செஸ்கா ஒருவர்தான். ஆனால் அவர் மாக்கீயே அல்லர், உருமாறி வந்த கார்டாசிய உளவாளி என்று தொடர் சொல்லிவிட்டது. உண்மையான கருத்து வேறுபாடு காரணமாக ஒருவர் ஜேன்வேயை எதிர்க்கக்கூடும் என்ற வாய்ப்பும் அத்துடன் போயிற்று.

மூன்றாம் பருவத்தில் 'ஒர்ஸ்ட் கேஸ் சினாரியோ' என்ற பகுதி வருகிறது. மாக்கீ குழுவினர் சக்கோட்டே தலைமையில் கலகம் செய்து கலத்தைக் கைப்பற்றுகிறார்கள். பார்ப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகுதான் அது ஹோலோடெக்கில் ஓடும் கற்பனை என்று தெரிகிறது. பாதுகாப்பு அதிகாரி டூவாக் பயிற்சிக்காக அதை எழுதத் தொடங்கி, இரு தரப்பும் ஒன்றாகிவிட்டதால் தேவையில்லை என்று பாதியில் விட்டிருந்தார். கலத்தில் உள்ளவர்களோ அந்தக் கற்பனையை ஆவலோடு ஆடிப் பார்க்கிறார்கள். மீதியையும் எழுதுங்கள் என்று கேட்கிறார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் அதே ஏக்கம்தான். வாயேஜர் சொல்லத் தவறிய கதை எது என்பதை அதன் பாத்திரங்களே அறிந்திருந்தார்கள்.

நரக ஆண்டும் அழிக்கப்பட்ட கரும்பலகையும்

1997 நவம்பரில் இரண்டு பாகங்களாக வந்த 'இயர் ஆஃப் ஹெல்' இத்தொடரின் உச்சங்களுள் ஒன்று. காலத்தையே மாற்றவல்ல கலத்தைக் கொண்ட கிரெனிம் இனத்தோடு மாதக்கணக்கில் போர். வாயேஜர் அடுக்கடுக்காக நொறுங்குகிறது. டூவாக் பார்வையை இழக்கிறார். ஆட்கள் தப்பிக் கலங்களில் பிரிந்து போகிறார்கள். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரோடு ஜேன்வே கலத்தை விட்டு இறங்க மறுத்துப் போராடுகிறார். இதுதான் வாயேஜர், இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று பார்ப்பவர் மனம் சொல்லும்.

முடிவில் ஜேன்வே தம் கலத்தை எதிரிக் கலத்தின் மீது மோதுகிறார். காலம் திருத்தப்படுகிறது. எல்லாம் முதல் நாளுக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த ஆண்டு நடக்கவே இல்லை, யாருக்கும் நினைவில்லை. நன்றாக எழுதிய பாடத்தை மாணவர்கள் படித்து முடிக்கும் முன்பே கரும்பலகையைத் துடைத்துவிட்ட கதைதான். இந்தப் பகுதியின் தரத்தைக் குறை கூற முடியாது. ஆனால் தன் களத்தின் உண்மையான வலியை நடக்காத ஓர் ஆண்டுக்குள் மட்டுமே இத்தொடரால் வைக்க முடிந்தது.

ஐந்தாம் பருவ முடிவில் வந்த 'ஈக்வினாக்ஸ்' கதையிலும் இதே நழுவல். அதே பகுதியில் சிக்கிய இன்னொரு கூட்டமைப்புக் கலம். அதன் தலைவர் ரான்சம், வீடு திரும்பும் வேட்கையில் உயிரினங்களைக் கொன்று எரிபொருளாக்கத் துணிந்துவிட்டார். பசியும் அச்சமும் நெறியை எப்படித் தின்னும் என்ற கேள்வி கடைசியில் நேராக வருகிறது. ஆனால் அது அடுத்த கப்பலுக்கு வருகிறது. தப்பிய ஈக்வினாக்ஸ் ஆட்கள் ஐவரைப் பதவி பறித்து வாயேஜரில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதன்பின் அவர்களை நாம் பார்க்கவே இல்லை.

இரவல் வாங்கிய முகங்கள்

கூட்டமைப்பின் வாடையே இல்லாத இடத்தில் நடக்கும் கதை என்பதால் முற்றிலும் புதிய இனங்களைப் படைக்க வாயேஜருக்கு வாய்ப்பு இருந்தது. தொடக்கத்தில் வந்த காசான் இனம் எடுபடவில்லை. பிறகு தொடர் பழைய வீட்டுக்கே கடன் கேட்கப் போனது. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கியூ என்ற குறும்புத் தெய்வம் 1996இல் வந்தது. துணைத்தலைவர் ரைக்கரும் அதே பகுதியில் தலைகாட்டினார். பின்னாளில் பார்க்ளே, டிராய் ஆகிய பாத்திரங்கள் பூமியிலிருந்து பங்கேற்றனர்.

பெரிய கடன் போர்க் இனம். நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரில் 1989இல் அறிமுகமான அந்த இயந்திர மனிதக் கூட்டம் அபூர்வமாகவே வந்தது. அதனால்தான் அச்சமூட்டியது. வாயேஜரில் அது அடிக்கடி வந்தது. தனித்த சிறு கலம் ஒன்று மீண்டும் மீண்டும் அதை ஏமாற்றித் தப்பியது. கடைசியில் புதிய தொடரும் வலுப்பெறவில்லை, பழைய தொடரின் பகைவனும் மதிப்பிழந்தான்.

தனித்து நின்ற இடங்கள்

ஒரு கிளைத்தொடரை மதிப்பிட மாணவர்களுக்கு ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைக்கிறேன். ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே முன்னோடித் தொடரின் கப்பலில் நடப்பதாக மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அந்தப் பகுதி நன்றாக இருக்கலாம், ஆனால் அது அந்தத் தொடருக்கே உரியது அல்ல. வாயேஜரின் பெரும்பாலான பகுதிகளை அலுங்காமல் எண்டர்பிரைஸுக்கு மாற்றிவிடலாம்.

மாற்ற முடியாதவையும் உண்டு. 1998இல் வந்த 'ஹன்டர்ஸ்' அவற்றில் ஒன்று. ஓர் அந்நியத் தொடர்பு வலையமைப்பின் வழியே முதன்முறையாக வீட்டிலிருந்து கடிதங்கள் வருகின்றன. ஜேன்வேயை மணக்க இருந்தவர், அவர் இறந்துவிட்டதாக எண்ணி வேறொருவரை மணந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். சக்கோட்டேக்கு வந்த கடிதத்தில் மாக்கீ இயக்கமே அழிந்துவிட்ட செய்தி. தான் விட்டு வந்த உலகம் தனக்காகக் காத்திருக்கவில்லை என்று ஒருவர் தனியறையில் அறிகிற நேரம் அது. வெளியூர் போய்ப் பல ஆண்டு திரும்ப முடியாமல் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் துக்கம் பெலானாவை என்ன செய்தது என்று பார்க்க அடுத்த பருவத்தில் 'எக்ஸ்ட்ரீம் ரிஸ்க்' வருகிறது. நண்பர்கள் எல்லாரும் மாண்ட பிறகு எதையும் உணர முடியாமல், ஹோலோடெக்கின் பாதுகாப்பை நீக்கிவிட்டுத் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறார். துணிச்சலான கதை. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் அந்தத் துயரம் தெரியவில்லை. ஒரே பகுதிக்குள் வெளிப்பட்டு அதற்குள்ளேயே ஆறத் தொடங்கியும் விடுகிறது. இதையே ஒரு பருவம் முழுதும் மெல்ல வளர்த்திருந்தால்?

பாத்திரங்களில் மருத்துவரையும் செவன் ஆஃப் நைனையும் சொல்ல வேண்டும். ராபர்ட் பிகார்டோ நடித்த மருத்துவர் அவசரத்துக்கு மட்டும் இயங்க வேண்டிய ஒளியுருவம். மாற்று மருத்துவர் வர வழியில்லாததால் ஆண்டுக்கணக்கில் இயங்கி மெல்ல ஆளாகிறார். முன்னோடித் தொடரின் டேட்டா என்ற இயந்திர மனிதனின் சாயல் அவரிடம் உண்டு. ஆனால் டேட்டாவிடம் இல்லாத தற்பெருமையும் கோபமும் இவருக்கு இருக்கின்றன. ஜெரி ரயன் நடித்த செவன், போர்க் கூட்டத்திலிருந்து மீட்கப்பட்டவர். 1997இல் நான்காம் பருவத்தில் சேர்ந்தார். இவ்விருவரையும் மட்டும் தொடர் மாற அனுமதித்தது. அதனால்தான் இவர்கள் மனதில் நிற்கிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று?

வாயேஜர், யுபிஎன் என்ற புதிய ஒளிபரப்பு நிறுவனம் தொடங்கிய முதல் நாளில் ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி. நிறுவனத்தின் முகமாக இருக்க வேண்டிய தொடரில் சோதனை செய்ய யாரும் துணியமாட்டார்கள். அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பு பெரிய வருமானம். தனித்தனிக் கதைகளை எந்த வரிசையிலும் போடலாம்; தொடர்கதையை அப்படிப் போட முடியாது. போன வாரம் பார்க்காதவரும் இந்த வாரம் பார்க்க வேண்டும் என்ற கவலையும் நியாயமானதே.

ஆயினும் இதே காலத்தில் இன்னொரு கிளைத்தொடரான டீப் ஸ்பேஸ் நைன் வேறு வழியில் சென்றது. கப்பலை விட்டு ஒரு விண்நிலையத்தில் கதையை நிறுத்தி, பருவங்களைத் தாண்டி ஓடும் டொமினியன் போரைச் சொன்னது. முன்னோடியோடு ஒப்பிட்டால் அதற்குப் பார்வையாளர் குறைவு. இன்று அதைத் தனித்தன்மையுள்ள தொடராகப் பலர் மதிக்கின்றனர். எங்கும் நகராத நிலையம் கதையில் முன்னே சென்றது. 70,000 ஒளியாண்டு ஓடிய கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது.

டீப் ஸ்பேஸ் நைனில் எழுதிய ரொனால்ட் டி. மூர் 1999இல் வாயேஜருக்கு வந்து விரைவிலேயே விலகினார். பிறகு 2003இல் அவர் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவை மீட்டுருவாக்கினார். அதிலும் வீடிழந்த மக்கள் விண்கலங்களில் அலைகிறார்கள். உயிரோடு எஞ்சியவர்களின் எண்ணிக்கையைத் தலைவர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைக்கிறார். ஒருவர் இறந்தால் எண் குறையும். ஒரு குழந்தை பிறந்தால் கூடும். 38 டார்பிடோக்களை மறந்த தொடருக்கும் இந்தப் பலகைக்கும் உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரை சொல்ல வந்தது.

முடிவுரை

இறுதிப் பகுதியான 'எண்ட்கேம்', வாயேஜர் பூமியை நெருங்குவதோடு நிறைவடைகிறது. மாறிப்போகும் ஓர் எதிர்காலத்தின் காட்சிகளைத் தவிர, வீடு திரும்பியவர்களை நாம் காண்பதில்லை. ஹாரி கிம் தாயைச் சந்திக்கும் காட்சி இல்லை. மாக்கீ குழுவினரைச் சட்டம் என்ன செய்தது என்பதற்கும் பதில் இல்லை. ஏழு ஆண்டுகள் வீடு வீடு என்று சொல்லி நடந்த பயணம் வாசற்படியில் முடிந்துவிட்டது.

வாயேஜரை வீண் என்று நான் சொல்லவில்லை. ஜேன்வேயைப் பார்த்து அறிவியலில் ஆர்வம் கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். மாணவர்கள் முழுத் தொடரையும் பார்க்க நேரமில்லை என்றால், 'கேர்டேக்கர்', 'இயர் ஆஃப் ஹெல்', 'ஹன்டர்ஸ்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்க்கட்டும். ஒரு தொடர் என்ன வாக்குக் கொடுத்தது, அதை எங்கே அழித்தது, எங்கே காப்பாற்றியது என்பது விளங்கும். கதை எழுத விரும்புவோருக்கு இந்த மூன்றும் நல்ல பயிற்சி. புதிய களத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்தக் களத்தில் நடப்பது பாத்திரங்களின் மேல் தழும்பாகத் தங்குகிறதா என்று ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.